முகச்சாயலும் உறவுமுறையும்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

ஆரைக்கீரையை அறியாதவர் எங்கள் தஞ்சைப் பகுதியில் இருக்க மாட்டார்கள். ஒரே காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் கூடி, விரித்த சிறு குடைபோல் வயல் நீரின்மேல் நிற்கும். என் தாய் களையெடுப்புக் கூலிக்குச் செல்பவர். பகலெல்லாம் ஆரையைக் களையென்று பிடுங்கி எறிவார். மாலையில் அதிலேயே கொழுந்தாகப் பார்த்து ஒரு பிடி மடியில் கட்டிக்கொண்டு வந்து கடைந்து வைப்பார். சென்ற விடுமுறையில் அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, நான் படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், “அம்மா, இது மற்ற கீரை மாதிரி இல்லை. இது பெரணி. இதற்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது” என்றேன்.

“பூக்காட்டி என்ன பாப்பா? புளியாரைக்கு இது அக்கா தங்கச்சி முறை. பேரே சொல்லுதுல்ல. மூஞ்சியப் பாரு, உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு” என்றார் அம்மா.

“இல்லை அம்மா. புளியாரைக்கு ஆரையைவிடப் பனைமரம்தான் நெருங்கின சொந்தம்” என்றேன்.

அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எதை வெச்சுச் சொல்றே?” என்றார்.

அன்று எனக்கு ஒழுங்காக விடை சொல்ல வரவில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த வினாவுக்குப் பின்னர் நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை. பிற துறை நண்பர்களும் இம்மலரைப் புரட்டுவார்கள் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீர்த் தொட்டியின் கசிவில் பச்சைப் பட்டுப்போல் படரும் மாஸ் செடியை அனைவரும் பார்த்திருப்போம். அது விரற்கடை உயரத்தைத் தாண்டுவது அரிது. நீரை மேலே கொண்டுசெல்ல உறுதியான குழாய் அதனிடம் இல்லை என்பதே முக்கியக் காரணம். தென்னை வேரில் ஊற்றிய நீர் குருத்துவரை ஏறுகிறதென்றால், அது சைலம் என்னும் திசுவின் வேலை. லிக்னின் என்ற கடினப் பொருள் பூசிய செல்கள் உயிர்விட்டு, வெறும் குழாய்களாக நின்று நீரைக் கடத்துகின்றன. இலையில் தயாரான உணவைப் புளோயம் என்னும் மற்றொரு திசு எடுத்துச் செல்கிறது. இவ்விரண்டும் உடையவை வாஸ்குலார் தாவரங்கள், அதாவது கடத்துத் திசுத் தாவரங்கள் எனப்படும். பெரணி, சவுக்கு, நெல், ஆல், வாழை எல்லாம் இக்குடும்பமே. இக்குடும்பத்தின் தொடக்க நாட்களைக் காட்டும் குக்சோனியா என்ற தொல்லுயிர், ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலேயே கிடைத்திருக்கிறது. இலையில்லாமல், கவைபோல் கிளைத்த, சில சென்டிமீட்டர் உயரமே உள்ள செடி அது.

இக்குடும்பத்தில் யாருக்கு யார் நெருக்கம் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

நான் முதலாண்டில் படித்தது, மூத்த மாணவி ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய பாடநூல். அதில் இன்று வாழும் விதையில்லா வாஸ்குலார் தாவரங்கள் நான்கு பிரிவாகக் கொடுக்கப்பட்டிருந்தன: சைலோட்டம் வகை, லைக்கோபோடியம் வகை, ஈக்விசிட்டம் வகை, பெரணி வகை. முதலிடம் சைலோட்டத்துக்கு. எங்கள் துறையின் பசுமைக் குடிலில் ஒரு தொட்டியில் அது இருக்கிறது. துடைப்பக் குச்சிகளை நட்டு வைத்ததுபோல் தோன்றும். வேர் இல்லை. இலை என்று சொல்ல, கண்ணுக்குத் தெரியாத செதில்கள் மட்டும். கிளைகள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ஆங்காங்கே மூன்று அறைகள் கொண்ட மஞ்சள் நிற ஸ்போர்ப்பைகள். ‘நிலவாழ் தாவரங்களின் மூதாதையை நினைவூட்டும் வாழும் தொல்லுயிர்’ என்ற பொருள்படப் பாடநூல் அதை வருணித்திருந்தது.

அப்படி எண்ணியதற்கு வலுவான காரணம் இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்றொரு சிற்றூர். 1912இல் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் அவ்வூரில் கல்சுவர்களில் வைத்திருந்த கற்களைக் கூர்ந்து நோக்கியபோது, அவற்றினுள் செடிகளின் தண்டுகள் தெரிந்தன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா செடிகளை மூழ்கடித்து, செல் செல்லாகக் கல்லாக்கியிருந்தது. நாம் ஆய்வுக்கூடத்தில் பிளேடால் சீவும் தண்டைக் காட்டிலும் சில இடங்களில் அது தெளிவு! கிட்ஸ்டன், லாங் என்ற இருவர் 1917 முதல் 1921 வரை அச்செடிகளை விவரித்து எழுதினர். அவற்றுள் ரைனியா என்பதற்கு வேரும் இல்லை, இலையும் இல்லை. இரண்டிரண்டாகக் கிளைத்த வெறுந்தண்டும் நுனியில் ஸ்போர்ப்பையும் மட்டுமே. படத்தைப் பார்த்த எவர்க்கும் சைலோட்டம் நினைவுக்கு வராமல் போகாது. 40 கோடி ஆண்டுகள் கடந்தும் மாறாமல் நிற்கும் பேரன் இவன் என்று அறிஞர் பலர் கருதினர். என் தாய் ஆரையையும் புளியாரையையும் அக்கா தங்கை என்றதும் இவர்கள் முடிவு செய்ததும் ஒரே வழியில்தான். முகச்சாயல்!

அமெரிக்கரான பியர்ஹார்ஸ்ட் என்பவர் 1960, 70களிலேயே சைலோட்டம் உண்மையில் பெரணி இனத்தைச் சேர்ந்தது என்று வாதிட்டார். அவர் காட்டிய நெருங்கிய உறவு சரியாக இல்லை. ஆனால் பெரணி என்ற அளவில் அவர் சொன்னது பின்னர் உண்மையாயிற்று. அன்று அவரை ஏற்றவர் குறைவு.

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் எங்கள் பேராசிரியை வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, “சைலோட்டத்தைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளது பழைய கருத்து. இப்போது அதைப் பெரணியோடுதான் சேர்க்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்க்கு அது ஒரு செய்தி. எனக்கோ அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் கால் தவறிப் புத்தகத்தில் பட்டால் என் தந்தை அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சில் வந்தது தப்பாகாது என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதுவரை அதுவே நம்பிக்கை. இரண்டு முழு மாலைகள் உட்கார்ந்து சைலோட்டத்தின் படத்தை வரைந்து, கீழே ‘மிகத் தொன்மையானது’ என்று அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த மாதமே ஒரு தேர்வில் ‘இன்று வாழும் வாஸ்குலார் தாவரங்களில் மிகத் தொன்மையானது எது? காரணம் தருக’ என்று ஒரு வினா வந்தது. என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாயலை விட்டால் உறவை எதைக்கொண்டு அறிவது? இதை விளக்க, எங்கள் வகுப்பின் இரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் ஏற்கெனவே அறிந்ததுதான். ரெக்கார்டு நோட்டை ஒருத்தி எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு ஐந்து நோட்டுகளில் செலாஜினெல்லாத் தண்டின் படத்தில் சைலமும் புளோயமும் பெயர் மாறியிருந்தன. பேராசிரியை ஐந்தையும் மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்து, “மூலப் பிரதி யாருடையது?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஐவரும் தலைகுனிந்து நின்றோம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சரியாக எழுதிய பக்கங்கள் வகுப்பிலுள்ள எல்லா நோட்டுகளிலும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றைக்கொண்டு யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று கூற முடியாது. இடையில் புதிதாகப் புகுந்த ஒரு மாற்றந்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. இன்னொன்று: இரு நோட்டுகளில் ஒரே பக்கம் காணோம் என்பதால் அவை உறவாகிவிடா. தனித்தனியே கிழிந்திருக்கலாம் அல்லவா? பூச்சிகளை ஆராய்ந்த வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1950இல் நூலாக எழுதிய முறையின் சாரம் இதுதான். உயிரினங்கள் சேர்ந்து பெற்ற புதுமைகளே உறவுக்குச் சான்றாகும்; பழைய பொதுச் சொத்து சான்றாகாது; இல்லாமை எளிதில் ஏமாற்றும்.

ரைனியாவையும் சைலோட்டத்தையும் உறவாக்கியவை எவை? வேர் இல்லை, இலை இல்லை. பெரும்பாலும் இல்லாமைகள்தாம். ரைனியாவின் காலத்தில் அவை இன்னும் தோன்றவில்லை. சைலோட்டமோ முன்னோரிடம் இருந்த வேரையும் இலையையும் பின்னாளில் இழந்தது.

இழந்தது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. இலையின் பசுங்கணிகத்துக்குள்ளும் ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. 1992இல் லிண்டா ராபெசன், ராபர்ட் ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் ஏறத்தாழ 30,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைக் கவனித்தார்கள். மாஸ் போன்ற குழாயில்லாச் செடிகளில் அத்துண்டு ஒரு திசையில் இருக்கிறது. லைக்கோபோடியம், செலாஜினெல்லா, ஐசோயிட்டிஸ் ஆகியவற்றிலும் அதே திசை. ஆனால் பெரணி, ஈக்விசிட்டம், விதைத் தாவரங்கள் எல்லாவற்றிலும் அது தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது! எங்கள் ஐந்து நோட்டின் கதைதான். ஒரு மூதாதையிடம் ஒரு முறை நேர்ந்த மாற்றம் சந்ததி முழுவதிலும் தொடர்கிறது. சைலோட்டத்திலும் அத்துண்டு தலைகீழாகவே இருந்தது. எல்லோருக்கும் முந்தியது என்ற நாற்காலியை அது அன்றே இழந்தது.

2001இல் கேத்லீன் பிரையர் என்பவரும் அவருடைய குழுவினரும் பல ஜீன்களை ஒப்பிட்டு உறவை மேலும் தெளிவாக்கினர். சைலோட்டமும் ஈக்விசிட்டமும் பெரணிக் கூட்டத்திற்குள்ளேயே அமைந்தன. சைலோட்டத்துக்கு உடன்பிறப்பு, மழைக்குப்பின் புல்தரையில் ஒற்றை இலையோடு தலைகாட்டும் ஓபியோகிளாசம் வகை. பார்வைக்கு இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் இரண்டின் கேமீட்டோபைட்டும் பச்சையமின்றி மண்ணுக்குள், பூசணத்தின் தயவில் வாழ்கிறது. (இந்த ஓபியோகிளாசத்தின் ஓர் இனத்தில் ஒரு செல்லில் 1,260 குரோமோசோம்கள்! மனிதனுக்கு 46. குரோமோசோம் கூடினால் அறிவு கூடும் என்று எண்ணுவோர் இச்செடியை ஒருமுறை பார்க்கலாம்.) ஆங்கிலத்தில் சைலோட்டத்தைப் பாமர வழக்கில் ‘விஸ்க் ஃபெர்ன்’, அதாவது துடைப்பப் பெரணி என்பார்கள். பாடநூல்கள் தவறிய இடத்தில் பாமரர் பெயர் தற்செயலாகச் சரியாக இருந்திருக்கிறது.

ஆக இன்று வாழும் வாஸ்குலார் தாவரங்களில் கிளைகள் மூன்று: லைக்கோபைட்டுகள், பெரணிகள், விதைத் தாவரங்கள். முதலில் பிரிந்து போனவை லைக்கோபைட்டுகள். பின்னரே பெரணியும் விதைத் தாவரமும் பிரிந்தன. நாம் ‘டெரிடோபைட்டுகள்’ என்று ஒரே தாளாகப் படிக்கும் கூட்டத்தில் உண்மையில் இரண்டு தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. பெரணிக்குப் பக்கத்து அத்தியாயத்து லைக்கோபோடியத்தைவிடத் தென்னை நெருங்கிய உறவு. 2016இல் உலக அறிஞர் பலர் கூடி வெளியிட்ட வகைப்பாட்டில் பெரணிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். லைக்கோபைட்டுகள் ஆயிரத்து முந்நூறு சொச்சமே.

அந்தச் சிறு குடும்பம் ஒருகாலத்தில் இவ்வளவு நலிந்து கிடக்கவில்லை. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றின் சதுப்புகளில் லெபிடோடென்ட்ரான் போன்ற லைக்கோபைட்டுகள் 30 மீட்டருக்கும் மேல் ஓங்கிய மரங்களாக நின்றன. அந்நாடுகளின் நிலக்கரியில் பெரும்பகுதி அவை விட்டுச்சென்றது. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அதுவன்று, அது மிகவும் பிற்காலத்தது, பூக்கும் தாவரங்கள் பரவியபின் உண்டானது.) அந்தப் பெருமரங்களின் மிக நெருங்கிய வாரிசு இன்று ஐசோயிட்டிஸ். அதில் ஓர் இனத்துக்கு நம் சோழமண்டலக் கரையின் பெயரால் ‘கோரமாண்டலினா’ என்றே பெயர். மழைக்காலக் குட்டைகளில் வெங்காயத்தாள் கற்றைபோல் நிற்கும். மாடு மேய்ப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், பழம் பெருமையைப் பேச உரிமையுள்ள செடி சைலோட்டத்தைவிட இதுதான்.

பூக்கும் தாவரங்களிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. சவுக்கின் பூ மிக எளியது, இதழே கிடையாது. எளியது முந்தியது என்று கருதிய எங்ளர் அதை இருவித்திலைத் தாவரங்களின் தொடக்கத்தில் வைத்தார். அதன் சிற்றினப் பெயரே ஈக்விசிட்டம் போன்ற இலையுடையது என்று பொருள்படும். இன்று அதன் உறவினர்கள் ஓக், வால்நட் போன்றவை என்று தெரிகிறது. காற்றில் மகரந்தம் தூவும் மரத்துக்கு இதழ் சுமையென்று கழன்று போயிற்று. அதுவும் இழப்பே, தொன்மையன்று.

தாமரைக் கதை இன்னும் வியப்பு. ஒரே குளத்தில் தாமரையும் அல்லியும் அருகருகே மலர்கின்றன. பெந்தம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்தனர். டி.என்.ஏ. வேறு சொல்கிறது. அல்லி பூக்கும் தாவரங்களின் அடிக்கிளைகளில் ஒன்று. தாமரையோ கொடைக்கானல் மலைச்சரிவில் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்துக்கு உறவு! சென்ற கல்விச் சுற்றுலாவில் பேருந்து நின்ற இடத்தில் அம்மரம் இருந்தது. தோழியர் பஜ்ஜி வாங்கப் போனார்கள். நான் எங்கள் ஊர்க் குளத்தை நினைத்துக்கொண்டு அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் பெந்தம், ஹூக்கரை நாம் ஏன் இன்னும் செய்முறைத் தேர்வில் பின்பற்றுகிறோம் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சைக்கஸ், பைன் முதலிய திறந்த விதைத் தாவரங்களை இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவில் செருகியிருக்கிறார்கள். உறவுமுறைப்படி அது பொருந்தாது. ஆயினும் ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அந்நூல் காட்டும் வழி இன்றும் நன்றாகவே உதவுகிறது. எங்கள் ஹெர்பேரியத் தாள்களும் அவ்வரிசையில்தான் அடுக்கப்பட்டுள்ளன. வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரு எண் போதும். யார் யாருக்குப் பங்காளி என்று அறியத் தெரு எண் உதவாது.

இனித் தேர்வுக்கு வருகிறேன். அவ்வினாவுக்கு நான் ‘சைலோட்டம்’ என்றே எழுதினேன். வேரில்லை, இலையில்லை, ரைனியாவை ஒத்தது என்று காரணங்களையும் வரிசையாகத் தந்தேன். பேராசிரியை சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. விடைக்குறிப்பு பழைய நூலைத் தழுவியதாக இருந்தால் மதிப்பெண் போய்விடும். மதிப்பெண் குறைந்தால் நான் இங்கே படிப்பதே ஐயம். முழு மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளை வாங்கிய நாள் எனக்கு மகிழ்ச்சியாக இல்லை.

பேராசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “ஏம்மா, இரண்டையும் எழுதியிருக்கலாமே! பழைய வகைப்பாட்டின்படி இது, இன்றைய ஆய்வின்படி இது, காரணம் இன்னது என்று நான்கு வரி. படித்துத் திருத்துகிறவர் மதிப்பெண் தருவார்” என்றார். எல்லோரும் அப்படித் தருவார்களா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. எனினும் வரும் பருவத் தேர்வில் அப்படியே எழுதப்போகிறேன். ரெக்கார்டு நோட்டில் சைலோட்டம் படத்தின் கீழே இருந்த ‘மிகத் தொன்மையானது’ என்ற வரியை அடித்து, ‘பெரணி வகை, வேரும் இலையும் இழந்தது’ என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் வாங்கிவிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா மறக்காமல் கேட்டார்: “சரி, புளியாரை சொந்தமில்லேன்னா ஆரைக்கு யாருதான் சொந்தம்?”

“நம்ம வயல்ல உரத்துக்குத் தூவுவாங்களே, அசோலா, அது” என்றேன்.

“அந்தப் பாசியா? அதுக்கும் இதுக்கும் மூக்கும் முழியும் ஒண்ணுகூட ஒட்டலியே!”

வரப்போரம் காய்ந்த சேற்றில் ஓர் ஆரைக் கொடியைப் பறித்து, அதன் காம்படியில் உளுந்தளவில் இருந்த கடினமான சிறு உருண்டையைக் காட்டினேன். வயல் காய்ந்து வெடித்தாலும் பல ஆண்டுகள் உயிரைக் காத்து வைக்கும் பெட்டி அது. உள்ளே பெரிய ஸ்போர், சிறிய ஸ்போர் என்று இரண்டு வகை. மற்ற பெரணிகளில் பெரும்பாலும் ஒரே வகைதான். அசோலாவிலும், அதன் தோழியான சால்வினியாவிலும் இதேபோல் இரண்டு வகை உண்டு, டி.என்.ஏ.வும் அதையே சொல்கிறது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அம்மா அந்த உருண்டையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“அதுவுஞ்சரிதான். உங்கப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்துல நிறுத்தினா, ஒரு வயித்துல பொறந்தவங்கன்னு யாரு சொல்லுவா” என்றார்.